ஒரு முழமும் நாலு விரலும்

இருதயநாதன் ஊருக்கு வாத்தியார், எனக்கு மாப்பிள்ளை. என் தங்கை மரிய புஷ்பத்தைக் கட்டியவன். என்னைவிட மூன்று வயது இளையவன், அதனால் நான் அவனை 'அவன்' என்றுதான் சொல்வேன். இருந்தபோது கொடுக்காத மரியாதையைச் செத்த பிறகு கொடுத்தால், அதுவும் நான் செய்கிற ஒரு கேலியாகத்தான் படும்.

எங்கள் ஊர் விக்கிரமங்கலத்துக்கும் வரதராசன்பேட்டைக்கும் இடையில், முந்திரிக்காட்டு ஓரத்தில் இருக்கிறது. நாலைந்து வீடுகள் தவிர எல்லாரும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஊருக்கு ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தூம்பா. தூம்பா என்றால் பிணம் தூக்குகிற பெட்டி. ஊருக்கே அந்த ஒரு பெட்டிதான். செத்தவரை அதில் வைத்து, மூடி போட்டு, கறுப்புத் துணி போர்த்தி, ஆறு பேர் தோளில் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போவோம். அங்கே உடம்பை மட்டும் குழிக்குள் இறக்கிவிட்டு, பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அறையில் வைத்துப் பூட்டுவோம். பத்து ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவனும் அதில்தான் போவான், கூலிக்குக் களை எடுக்கிறவளும் அதில்தான் போவாள். தனியாகப் பெட்டி செய்துகொள்ளக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. தூம்பா மறுக்கப்பட்டவர்கள் இரண்டே வகை. நாண்டுகொண்டு செத்தவர்கள், கோயிலை விட்டு விலக்கி வைக்கப்பட்டவர்கள். அவர்களை மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுபோவார்கள்.

நான் மிக்கேல். தச்சு வேலை செய்கிறவன். தூம்பாவைப் பழுது பார்ப்பதும், தூக்கும்போது முன்பக்கம் வலது தோள் கொடுப்பதும் என் பொறுப்பு. தெருவில் யாராவது எதிரே வந்தால், இந்த ஆள் எவ்வளவு பாரம் இருப்பான் என்று மனதுக்குள் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிடுவேன். கெட்ட பழக்கம். என் வாய் அதைவிடக் கெட்டது. மாப்பிள்ளையைக் கேலி செய்ய மச்சானுக்கு உரிமை உண்டு என்பது ஊர் ஒப்புக்கொண்ட விஷயம். அந்த உரிமையை நான் ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

இருதயநாதன் குடும்பமே பருத்த குடும்பம். பெரம்பலூர் தாண்டிக் குரும்பலூர்ப் பக்கம் ஆறு வருடம் வாத்தியாராக இருந்துவிட்டு, எங்கள் கோயில் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தான். போனபோது இருந்ததைப்போல ஒன்றரை மடங்காக வந்தான். பிள்ளை இல்லை. வீட்டில் அவன், மரிய புஷ்பம், அவன் அம்மா சவரியம்மாள். மூன்று பேரில் என் தங்கை ஒருத்திதான் கதவை முழுதாகத் திறக்காமல் வெளியே வரக்கூடியவள் என்று நான் சொல்லிக்கொண்டு திரிவேன். அவன் கேட்டுச் சிரிப்பான். சாது. அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை, அது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

நாற்பத்திரண்டாம் வருடம் வைகாசியில் சவரியம்மாள் செத்தாள். தூம்பாவைக் கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்தோம். எட்டுப் பேர் தூக்கி இறக்கியும் இடுப்பு உள்ளே போகவில்லை. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தோம், அப்போது மூடி நிற்கவில்லை. வெயில் ஏற ஏற உடம்பு தாங்காது என்று சாமியார் அவசரப்படுத்தினார். கடைசியில் பக்கத்துத் தெருக் கொளஞ்சியப்பனின் வண்டியில் வைக்கோல் பரப்பி அவளை ஏற்றினோம். கோயில் மணி அடித்தது என்னவோ உண்மைதான். ஆனாலும் வண்டி வண்டிதானே. நாண்டுகொண்டவளைப்போல அவள் போனாள்.

வண்டியை ஓட்டியவன் நான். கோயில் தெரு முடிகிற இடத்தில் ஒரு மடைப்பள்ளம் உண்டு. அதில் சக்கரம் இறங்கியதும் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. பின்னால் நடந்து வந்த இருதயநாதன் ஓடி வந்து அம்மாவின் கால்களை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். நான் திரும்பிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"ஓரமாப் போங்கப்பா, மூட்டை சரியுது!"

சவ ஊர்வலம் என்றும் பாராமல் கூட்டம் சிரித்தது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஜெபம் சொல்லிக்கொண்டு வந்த உபதேசியார்கூட ஒரு வரியை விட்டுவிட்டார். இருதயநாதன் அம்மாவின் காலை விடாமல், என்னை நிமிர்ந்து பார்த்தான். அழவில்லை. நான் மாட்டை ஓட்டினேன்.

ஐந்தாம் நாள் என் பட்டறைக்கு வந்தான். அரியமுத்துவும் ஆரோக்கியசெல்வமும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் என்னோடு தூம்பா தூக்குகிறவர்கள்.

"மச்சான், ஒரு உதவி பண்ணுங்க."

"சொல்லு மாப்ளே."

"தூம்பாவ ஒரு சாண் அகலப்படுத்தித் தாங்க. பலகை நான் வாங்கித் தரேன். சாமியாருகிட்டயும் நானே கேட்டுக்கறேன். அம்மா மாதிரி நானும் வண்டியில போகக் கூடாது."

இரண்டு நாள் வேலை. பக்கப் பலகைகளைக் கழற்றி, அடியில் ஒரு பலகை சேர்த்து, மூடியில் ஒன்று சேர்த்து, கறுப்புச் சாயம் பூசினால் முடிந்தது. இன்றைக்கும் அந்தப் பலகைகளை நான் மனதுக்குள் இழைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"உனக்காக ஊர்ப் பெட்டிய அகட்டணுமா? பெட்டி அளவுக்கு நீ சுருங்கு மாப்ளே. பலகைச் செலவு மிச்சம்."

அரியமுத்து தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். சிரித்த பிறகு பேச்சை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. அதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. கோயில் அறைக்குப் போய்த் தூம்பாவின் உள் அகலத்தை ஒரு குச்சியால் அளந்தேன். ஒரு முழமும் நாலு விரலும். மறுநாள் இரண்டு கருவேலங்கால்களைச் செதுக்கி எடுத்துக்கொண்டு போய், அவன் வீட்டுக் கொல்லையில் கிணற்றுப் பக்கம் அந்தக் குச்சியின் அளவு இடைவெளி விட்டு நட்டேன். தோள் உயரத்துக்கு நின்றன. பார்க்க ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள்.

"இதுக்கு நடுவுல நேரா நடந்து போயிட்டன்னா தூம்பாவுக்குள்ளயும் போயிடுவ மாப்ளே."

அவன் ஒரு கருவேலங்காலை ஆட்டிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"அளவு சரியா இருக்குங்களா?"

"மயிரிழை தப்பாது."

"அப்ப சரி."

கேலிக்கு நட்ட கால்களை அவன் நிஜமாக எடுத்துக்கொண்டுவிட்டான். எனக்கு அதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

உடம்பை இளைக்க நினைக்கிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவனும் முதலில் செய்தான். நாலு நாள் விடியற்காலையில் நடந்தான். ஐந்தாம் நாள் தொடை உரசிப் புண்ணாகிவிட்டது என்று படுத்தான். ஒரு வாரம் சோற்றைக் குறைத்தான், அடுத்த வாரம் சேர்த்துவைத்துச் சாப்பிட்டான். இப்படியே இரண்டு மாதம் போயிற்று. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தான். எழுந்ததும் நேராகக் கோயிலுக்குப் பின்னால் போவான். தூம்பா இருக்கும் அறைக்கு ஒரு மரக்கம்பி ஜன்னல் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு பரமண்டல மந்திரம் சொல்லுகிற நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அதற்குப் பிறகு அவன் கால் தானாக நடக்கும். விக்கிரமங்கலம் பாதையில் ஒற்றைப் புளியமரம் வரைக்கும் போய்த் திரும்புவான். திரும்பி வந்து கிணற்றில் ஐம்பது வாளி இறைப்பான். மழை பெய்தாலும் சரி, காய்ச்சல் அடித்தாலும் சரி, மாதா தேர் அன்றைக்கும் சரி, ஒரு நாள் தவறியதில்லை. சாவைப் பார்த்துக்கொண்டே உடம்பை இளைக்க வைத்த ஒரே ஆள் என் மாப்பிள்ளைதான்.

மாதத்தில் முதல் வெள்ளி, பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை வாங்கி வந்த கையோடு, அந்தக் கால்களுக்கு நடுவில் போய்ப் பார்ப்பான். நாங்கள் வேலிக்கு வெளியே நின்றுகொள்வோம். அவன் மூச்சை வெளியே விட்டு, கைகளைத் தொங்கவிட்டு, மெல்ல நுழைவான். மாட்டிக்கொள்வான். யாராவது "நெய் தடவுங்க சார்" என்பார்கள். அவன் பின்னால் நகர்ந்து, சட்டையைச் சரி செய்துகொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவான்.

அந்த வருடக் கார்த்திகையில் நான் செய்த காரியத்தை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். அவன் கொஞ்சம் இளைத்திருந்தான். வேடிக்கை குறைந்துவிடும்போல இருந்தது. ஒரு நாள் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னேன்.

"மாப்ளே, அரியலூர்ல ஒரு டாக்டர்கிட்ட உன்னப் பத்திச் சொன்னேன். காலையில வெறும் வயித்துல ஒரு செம்பு எருமைத் தயிரு குடிக்கச் சொன்னாரு. கொழுப்பக் கொழுப்பே கரைச்சுடுமாம்."

"நெசமாவா மச்சான்?"

"மாதா மேல ஆணை."

எருமை வைத்திருந்த கலியம்மாளிடம் வாடிக்கை வைத்தான். முப்பது நாள் குடித்தான். ஊரில் அவனையும் என் தங்கையையும் தவிர எல்லாருக்கும் விஷயம் தெரியும். முதல் வெள்ளியன்று கால்களுக்கு நடுவில் போகக்கூட முடியவில்லை, வயிறு முன்னாலேயே முட்டி நின்றுவிட்டது. கலியம்மாளே வேலிக்கு வெளியே நின்று சிரித்தாள். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்தான், அவ்வளவுதான். மரிய புஷ்பம் மட்டும் என் வீட்டுக்கு வந்து நின்று கேட்டாள்.

"ஏண்ணே, உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

அதற்கும் ஏதோ சொல்லிச் சிரித்தேன்.

பிறகு சண்டைக் காலம் இறுகியது. பர்மா அரிசி நின்றுபோய், ஊரில் பாதிப் பேர் வரகும் கம்பும் தின்று ஒட்டி உலர்ந்தார்கள். எல்லாரும் மெலியும்போது பருத்தவனைப் பார்த்தால் ஆத்திரம் வரத்தானே செய்யும். அவன் பாதி வயிற்றோடு நடந்துகொண்டிருந்தான், ஆனால் யார் வீட்டுச் சோற்றை அவன் தின்கிறான் என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒரு தடவை அவனை அரியலூருக்கு அழைத்துப்போனேன். கடலை மண்டியில் மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நிற்கச் சொன்னேன். எட்டு மணங்கு, இந்தக் காலக் கணக்கில் தொண்ணூறு கிலோ. மண்டி ஆட்கள் கூடிவிட்டார்கள். அவன் அந்த எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஊர்வரைக்கும் வண்டியில் ஏறாமல் நடந்தே வந்தான். நான் வண்டியில் வந்தேன்.

நாற்பத்தைந்தாம் வருடம் ஆவணி மாதம், முதல் வெள்ளி. வேலிக்கு வெளியே நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். இருதயநாதன் வந்தான், கையைத் தொங்கவிட்டான், இரண்டு கால்களுக்கும் நடுவில் புகுந்து அந்தப் பக்கம் போனான். திரும்பி இந்தப் பக்கம் வந்தான். இன்னொரு தடவை போனான். மூன்று வருடம். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவன் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. மரிய புஷ்பம் கிணற்றடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ கைகூடத் தட்டினார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

எனக்குப் பொறுக்கவில்லை. அதுதான் உண்மை. மூன்று வருடமாக ஊர் என் பேச்சுக்குச் சிரித்தது, அன்றைக்கு அவனுக்குக் கை தட்டியது.

"மாப்ளே, உசுரோட இருக்கிறவன் கையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போற. செத்தவனுக்குக் கைய மார்ல கட்டி, சிலுவை குடுத்துல்ல வைப்போம்? முழங்கை ரெண்டு பக்கமும் புடைச்சுக்கிட்டு நிக்கும். அப்படிப் போய்க் காட்டு பாப்போம்."

அவன் சிரிப்பு நின்றது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தான். முழங்கை இரண்டும் கருவேலங்கால்களில் இடித்தன. இரண்டு விரல் அளவு தடுத்தது. கூட்டம் சிரித்தது, என் மனது குளிர்ந்தது. பிணத்தின் கையை எப்படி வேண்டுமானாலும் நெருக்கிக் கட்டலாம் என்பது தூம்பா தூக்குகிற எனக்குத் தெரியாதா? தெரியும். சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவன் வெறிபிடித்தவன் ஆனான். தவக்காலத்தில் நாங்கள் ஒருசந்தி இருப்போம், ஒரு வேளைச் சாப்பாடு, கவுச்சி கிடையாது. அவன் வருடம் முழுவதையும் தவக்காலம் ஆக்கிவிட்டான். மத்தியானம் ஒரு சிரட்டைக் கஞ்சி, உப்பு, அவ்வளவுதான். மீன், முட்டை, பருப்பு எல்லாம் போயிற்று. நடை புளியமரத்தைத் தாண்டி இன்னும் ஒரு மைல் நீண்டது. மரிய புஷ்பம் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவாள். "நேர்ச்சை, தடுக்காதே" என்பான். நேர்ச்சை என்று சொன்ன பிறகு ஒரு கிறிஸ்தவப் பெண் என்ன செய்வாள்? சாமியார்வேறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவனைப் புகழ்ந்தார். பட்டினி கிடக்கிறவனை ஊரே முன்மாதிரி என்றது.

நாற்பத்தாறு கடைசியில் அவன் கால் பருக்க ஆரம்பித்தது. முதலில் சாயங்காலம் செருப்பு இறுகியது. பிறகு முழங்கால் வரைக்கும், பிறகு தொடை. கிறிஸ்துமஸுக்கு வயிறு மறுபடி முன்னால் வந்துவிட்டது. முகம் காலையில் உப்பியிருக்கும். முதல் வெள்ளியன்று, கையைத் தொங்கவிட்டும் அவனால் கால்களுக்கு நடுவில் போக முடியவில்லை. அவன் ஒரு கருவேலங்காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"திரும்பி வந்துடுச்சு மச்சான்," என்றான்.

"ஒளிச்சு ஒளிச்சுத் தின்னா வராம என்னா பண்ணும்?" என்றேன்.

அந்தச் சிரட்டைக் கஞ்சியையும் பாதியாக்கினான். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு இன்னும் அதிகம் நடந்தான்.

சாம்பல் புதனுக்கு அடுத்த வாரம் ஆணி வாங்க அரியலூர் போயிருந்தேன். கடைத்தெருவில் சாமிக்கண்ணு என்று ஒரு டிரஸ்ஸர், பட்டாளத்தில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற வேலையில் இருந்துவிட்டு வந்து மருந்துக்கடை வைத்திருந்தார். எனக்குப் பழக்கம். அவரிடம் உட்கார்ந்து, மாப்பிள்ளை கஞ்சி குடித்தே குண்டாகிற கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"காலுலேருந்தா ஏறுச்சு?"

"ஆமாங்க. மொதல்ல காலு, அப்புறம் வயிறு."

"கொழுப்பு எங்கய்யா காலுலேருந்து ஏறும்? கட்டை விரலால கால் எலும்பு மேல அழுத்திப் பாரு. குழி அப்படியே நின்னா அது சதை இல்ல, தண்ணி. பட்டினி வீக்கம். பர்மாலேருந்து நடந்து வந்தவங்க இப்படித்தான் வீங்கி வீங்கிச் செத்தாங்க, நான் கண்ணால பாத்தேன். முட்டை குடு, மீன் குடு, பயறு அவிச்சுக் குடு. நடையை நிறுத்து. இல்லேன்னா இந்தப் பங்குனியத் தாண்ட மாட்டாரு."

ஆணியைக்கூட அங்கேயே மறந்துவிட்டு ஊருக்கு வந்தேன். நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பெஞ்சியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். குனிந்து அவன் கால் எலும்பின்மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். எடுத்தேன். குழி அப்படியே நின்றது. என் விரல் ரேகைகூடத் தெரிந்தது. பயந்துபோனேன். அவனுக்காக என் வாழ்நாளில் பயந்தது அந்த ஒரு தடவைதான்.

"மாப்ளே, அரியலூர்ல ஒரு டிரஸ்ஸர் சொன்னாரு. இது கொழுப்பு இல்லையாம். நீ சாப்பிடணுமாம். முட்டை, மீனு..."

சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கோபமே இல்லாத சிரிப்பு.

"இந்தத் தடவ முட்டையா மச்சான்? எருமைத் தயிரு இல்லையா?"

"நெசமாச் சொல்றேன்டா. மாதா மேல ஆணை."

"அப்பவும் மாதா மேலதானே ஆணை வச்சீங்க."

பெஞ்சியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தான். நடக்கக் கிளம்புகிறான் என்று தெரிந்தது. எனக்குத் தலைக்கேறியது. வாழ்நாளில் ஒரு தடவை நல்லது சொல்ல ஓடி வந்தால், என்னைப் பொய்யன் என்கிறானே என்று கோபம். பொய்யன்தான், இருந்தும் கோபம்.

"அப்ப வீங்கியே சாவு போ," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தெருவில் மரிய புஷ்பம் சிலுவைப்பாதை முடிந்து கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"வூட்டுக்கு வந்தீங்களாண்ணே? என்னா விசயம்?"

"உன் புருசனப் போய்க் கேளு."

நிற்காமல் நடந்தேன். அவள் கேட்டிருப்பாள். மச்சான் வழக்கம்போல என்று அவன் சொல்லியிருப்பான். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. அவனாக வந்து என்னிடம் கேட்கட்டும் என்று இருந்தேன்.

பங்குனி முதல் வாரத்தில், புளியமரத்தடியில் விழுந்து கிடந்தவனைக் கொளஞ்சியப்பன் பார்த்துவிட்டு ஆள் கூட்டி வந்தான். கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். சாமியார் வந்து எண்ணெய் தொட்டு அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். மறுநாள் காலை பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்துக்கு உயிர் போனது. முப்பத்தெட்டு வயது. கடைசியாகப் பேசியது, "கைய நெருக்கிக் கட்டச் சொல்லு" என்று என் தங்கையிடம்.

தூம்பாவை நானும் அரியமுத்துவும் கொண்டுபோனோம். கையை நெருக்கித்தான் கட்டினோம். தலையும் தோளும் சுலபமாக உள்ளே போயின. தோளில் வெறும் எலும்பு, ஒரு பிள்ளையின் தோள் அளவுதான். இடுப்பும் தொடையும் போகவில்லை. இரண்டு பக்கமும் பலகையில் தட்டி நின்றன. கையை அவிழ்த்துப் பார்த்தோம், துணியால் இறுக்கிப் பார்த்தோம். நான் உளி எடுத்து வருகிறேன், பலகையைக் கழற்றிவிடுகிறேன் என்று எழுந்தேன். சாமியார் தடுத்தார். ஏற்கெனவே காலில் தோல் வெடித்துத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது, வெயிலில் இன்னும் எவ்வளவு நேரம் வைத்திருப்பது?

நான் திரும்ப உட்கார்ந்து தொடையை இரண்டு கையாலும் அமுக்கினேன். உள்ளே போகாதா என்று பலம் கொண்டமட்டும் அமுக்கினேன். கையை எடுத்தேன். என் பத்து விரலும் அவன் மேல் குழிகுழியாக நின்றன.

"டிரஸ்ஸர் சொன்னது சரிதான்," என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

தலைமாட்டில் இருந்த மரிய புஷ்பம் நிமிர்ந்தாள்.

"எந்த டிரஸ்ஸரு? என்னாண்ணே சொன்னாரு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"என்னைக்குச் சொன்னாரு?"

"மாசியில. சாம்பல் புதனுக்கு அடுத்த வாரம்."

"அன்னைக்குத் தெருவுல வச்சுக் கேட்டேனே."

நான் தரையைப் பார்த்தேன்.

"உங்க பேச்ச அவரு நம்ப மாட்டாரு, அது ஊருக்கே தெரியும். வூட்டுல கஞ்சி காச்சுனவ நான். கஞ்சியில ஒரு முட்டைய அடிச்சுக் கலந்து குடுத்திருப்பேனே, அவருக்குத் தெரியாமலே குடுத்திருப்பேனே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்களுக்கு என்னாண்ணே வலிச்சுது?"

அவள் குனிந்து, விலகியிருந்த வேட்டியை அவன் காலின்மேல் இழுத்துவிட்டாள்.

"போங்க," என்றாள். "போயி வண்டியக் கட்டுங்க."

கொளஞ்சியப்பனின் அதே வண்டி. நான்தான் மாட்டைப் பூட்டினேன், நான்தான் ஓட்டினேன். வேறு யாரும் முன்வரவில்லை. பின்னால் என் தங்கை அவன் காலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கோயில் தெரு முடிகிற இடத்தில், எவ்வளவு ஓரம் கட்டியும், சக்கரம் அந்த மடைப்பள்ளத்தில் இறங்கியது. உடம்பு சரிந்தது. கூட்டம் நின்றது. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். ஐந்து வருடப் பழக்கம், நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பதிலாக, வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்த அரியமுத்து சொன்னான்.

"ஓரமாப் போங்கப்பா, மூட்டை சரியுது."

கூட்டம் சிரித்தது.